600 ஏக்கருக்கு முன் ஒரு மடை: வெள்ளோட்டம் விடுவது எப்படி?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி மாவட்டத்துக் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் பெறும் ஒரு குளம். அதன் கீழ் ஆறு மடை (குளத்துத் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் வாய்), 600 ஏக்கர் வயக்காடு. அந்த ஊர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நெல்லுக்குக் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறையை, அதாவது எப்போதும் தண்ணீர் கட்டி வைக்காமல் வயலைக் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சுவதை, கொண்டுவரத் திட்டம் போட்டிருக்கிறது. அறிக்கை தயார், நிர்வாகக் குழுவின் ஒப்புதலும் ஆயிற்று. ஏக்கருக்கு ஒரு நீர்மட்டக் குழாய் (வயலில் ஊன்றி, மண்ணுக்குள் நீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கும் துளைக் குழாய்), மொத்தத்துக்கும் இரண்டு களப்பணியாளர், 30 சதவீதத் தண்ணீர் மிச்சம் என்பது அறிக்கையின் கணக்கு. வருகிற கார் பருவத்திலேயே (ஜூனில் தொடங்கும் நெல் சாகுபடி) 600 ஏக்கரிலும் இறக்கிவிடலாமா, இல்லை பைலட் (சிறிய அளவில் முன்சோதனை) என்று ஒரு பருவத்தை விடத்தான் வேண்டுமா, விட்டால் எப்படி நடத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்தக் காரில் ஒரே ஒரு மடையில் நடத்துங்கள். நீங்கள் எழுதியிருக்கும் 40 ஏக்கர், 52 விவசாயிகள் உள்ள மூன்றாம் மடை பொருத்தமாக இருக்கிறது. மற்ற ஐந்து மடையும் இந்த வருஷம் வழக்கம்போலவே பாயட்டும். ஏன், எப்படி என்று இனி விரிவாகச் சொல்கிறேன்.

பைலட்டுக்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: வெள்ளோட்டம். புதுத்தேர் செய்து முடித்ததும், சுவாமியை எழுந்தருளச் செய்யாமல் ஒருமுறை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நேர் வீதியில் தேர் நகர்வது ஒரு பாடு, மூலையில் திரும்புவது வேறு பாடு. வெள்ளோட்டத்துக்கென்று யாரும் சின்னத் தேர் ஒன்று செய்து இழுப்பதில்லை. அதே சக்கரம், அதே அச்சு, அதே வடம், முட்டுக்கட்டை போடுகிற அதே கைகள், அதே வீதி மூலை. திட்டத்துக்கும் அப்படித்தான் விட வேண்டும். பரப்பு சிறியதாக இருக்கலாம். ஆனால் தண்ணீர் திறப்பவர் முதல் குத்தகைக்காரர் வரை, குழாய் வாங்குவது முதல் நோட்டில் எழுதுவது வரை, முழுத் திட்டத்தில் வரும் எல்லாக் கண்ணியும் அதில் இருக்க வேண்டும். ஒரு கண்ணி விடுபட்டாலும், அது 600 ஏக்கரில்தான் முதல்முறையாகச் சோதிக்கப்படும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. ஆராய்ச்சி நிலையத்துச் சோதனை, இந்த முறை பயிருக்கு ஒத்துவருமா என்று கேட்கிறது. வேளாண்மைத் துறை போடுகிற செயல்விளக்கத் திடல், விளைவதைக் கண்ணால் காட்டி நம்பவைக்கிறது. வெள்ளோட்டம் கேட்பது மூன்றாவது கேள்வி: இந்த ஊரில், இந்த ஆட்களை வைத்து, இந்தப் பணத்தில் நம்மால் இதை நடத்த முடியுமா? காய்ச்சலும் பாய்ச்சலும் பயிருக்கு ஒத்துவரும் என்பது முதல் கேள்வியிலேயே முடிந்துவிட்டது. அதை மறுபடி நிரூபிக்க ஒரு பருவத்தைச் செலவழிக்க வேண்டாம். மூன்றாவது கேள்விக்குத்தான் உங்கள் கையில் இன்னும் விடை இல்லை. வெள்ளோட்டத்தைச் செயல்விளக்கத் திடலாக நினைத்துக்கொள்கிறவர்கள், நல்ல வயலாக, நல்ல விவசாயியாகத் தேடிப் போவார்கள். தலைமடையில், நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவரின் நிலத்தில், தினமும் ஆள் நின்று பார்த்துக்கொள்ள, விளைச்சல் பிரமாதமாக வரும். அதை வைத்து 600 ஏக்கரைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

அதனால்தான் மடையை அலகாக எடுக்கச் சொல்கிறேன். ஆறு மடையிலும் ஆளுக்கொரு வயல் என்று நாற்பது ஏக்கரைச் சிதறலாகப் பொறுக்கினால், எல்லாருக்கும் பங்கு கொடுத்த திருப்தி கிடைக்கும், வேலைக்கு ஆகாது. நம் பக்கம் பல இடங்களில் வயலுக்கு வயல்தான் தண்ணீர் பாய்கிறது. மேல்வயல்காரர் வாமடையை (வரப்பில் தண்ணீர் விடும் வாயை) திறந்து வைத்தால் கீழ்வயலில் காய்ச்சல் விடவே முடியாது. ஒரு மடை முழுவதும் சேர்ந்தால்தான் இந்த முறை நடக்கும் அல்லது நடக்காது. அந்த மடைக்குள்ளேயே தலையும் கடையும் இருக்க வேண்டும், களி மண்ணும் மணல் சேர்ந்த மண்ணும் இருக்க வேண்டும், சொந்த நிலக்காரரும் குத்தகைக்காரரும் இருக்க வேண்டும். மூன்றாம் மடையில் இவை இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் அது பொருத்தம் என்றேன்.

முதல் கட்டத்திலேயே கடினமான இடங்களைச் சேர்ப்பதற்குப் பெரிய அளவில் ஓர் உதாரணம் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகள், 1.14 லட்சம் குழந்தைகள். அந்த 1,545ல் மாநகராட்சிப் பள்ளிகள் 417, நகராட்சிப் பள்ளிகள் 163, ஊராட்சிப் பள்ளிகள் 728, மலைப்பகுதி மற்றும் தொலைதூரப் பள்ளிகள் 237. நகரத்துப் பள்ளிகளை மட்டும் எடுத்திருந்தால் முதல் வருஷம் நோகாமல் போயிருக்கும், மலைக்கு அரிசியும் ரவையும் போய்ச் சேருமா என்பது தெரியாமலே இருந்திருக்கும். 2023 ஆகஸ்ட் 25 அன்றுதான் அது மாநிலத்தின் மற்ற அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. நடுவில் சுமார் பதினொரு மாதம்.

இனி குழாயைப் பார்ப்போம். அறிக்கைக்கும் வயலுக்கும் உள்ள தூரம் இந்தச் சின்னப் பொருளிலேயே தெரிந்துவிடும்.

நான்கு அங்குல பிவிசி குழாயில் 30 செ.மீ. துண்டு. கீழ் 20 செ.மீ.க்குச் சுற்றிலும் 5 மி.மீ. துளைகள், 2 செ.மீ. இடைவெளியில். 20 செ.மீ. மண்ணுக்குள், 10 செ.மீ. வெளியே. தண்ணீர் கட்டுவது 5 செ.மீ. உயரம். மண் மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. வரை நீர் இறங்கியதும் அடுத்த தண்ணீர். குழாய் வாயிலிருந்து அளந்தால் அது 25 செ.மீ. எனவே ஒரு மூங்கில் குச்சியில் 10, 20, 25 என்று மூன்று கோடு போட்டுக் கொடுத்தால் போதும், யாரும் கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை.

அறிக்கையில் ஏக்கருக்கு ஒரு குழாய். மூன்றாம் மடையிலோ 40 ஏக்கருக்கு 52 பேர். தன் வயலில் குழாய் இல்லாதவர் பக்கத்து வயல் குழாயைப் போய்ப் பார்த்து மடை கட்டுவார் என்று நம்ப வேண்டாம். ஆளுக்கு ஒன்று என்றால் 52. உடைவதற்கும் தொலைவதற்கும் 8 சேர்த்து 60. இருபது அடிக் குழாயில் 20 துண்டு வரும், மூன்று குழாய் வாங்க வேண்டும். ஒரு துண்டைச் சுற்றி ஒரு வரிசைக்கு 17 துளை, பத்து வரிசை, மொத்தம் 170. அறுபது துண்டுக்கு 10,200 துளை. ஒரு துண்டுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும் ஒரு ஆளுக்கு, ஒரு துளைப்பானுக்கு, பத்து மணி நேர வேலை. இதே விகிதத்தில் 600 ஏக்கருக்குப் போனால் 780 பேர், உதிரியோடு 900 துண்டு, 150 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் பத்தொன்பது நாள். அறிக்கையில் 600 குழாய்க்குத்தான் பணம் ஒதுக்கியிருக்கிறது, துளை போடுகிற கூலிக்கு ஒரு வரிகூட இல்லை. வெள்ளோட்டத்தில் இது ஒன்றேகால் நாள் சங்கடம். முழுத் திட்டத்தில் நடவு முடிந்து, குழாய் வராமல், பருவம் போய்விடும்.

ஊன்றுவதிலும் கவனம் தேவை. வரப்பிலிருந்து ஒரு மீட்டருக்குள் ஊன்றினால் கசிவு நீரைக் காட்டும். பள்ளத்தில் ஊன்றினால் வயல் காய்ந்த பிறகும் தண்ணீர் நிற்பதாகக் காட்டும். மேட்டில் ஊன்றினால் அவசரப்படுத்தும். நடுத்தர மட்டத்தில், வரப்பிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் இருக்க வேண்டும். தொழியில் (உழுது குழைத்த சேற்றில்) அழுத்தி இறக்கியதும் உள்ளே சேறு ஏறியிருக்கும். அதைக் கையால் அள்ளி வெளியே போட்டு, அடித்துளை தெரியும்வரை சுத்தம் செய்ய வேண்டும். பெரும்பாலானவர்கள் இந்த ஒரு வேலையைத்தான் விட்டுவிடுகிறார்கள். சேறு அடைத்த குழாய்க்குள் பழைய தண்ணீர் தேங்கி நிற்கும், வெளியே மண் வெடித்திருக்கும். ஊன்றிய மறுநாள், வயலில் தண்ணீர் நிற்கும்போது, குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டம்தானா என்று பார்த்துவிட்டால் இது தெரிந்துவிடும். அப்புறம் குழாய் மெல்ல அமிழும். வெளியே 10 செ.மீ. தெரிய வேண்டியது 7 ஆகிவிட்டால், குச்சியின் 25 கோடு உண்மையில் 18 செ.மீ. ஆழத்தைக் காட்டும், பயிர் அந்த மூன்று செ.மீ.க்கு வாடும். வாரம் ஒருமுறை வெளியே தெரியும் உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். நண்டு வளைக்கு அருகே ஊன்றிய குழாய் எதையும் சரியாகக் காட்டாது, இடம் மாற்றிவிடுங்கள்.

பயிர்க் கணக்கு. காருக்கு அம்பை 16 ரகம் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வயது 110 நாள் சொச்சம். நாற்று 22 நாள். நட்டு இரண்டு வாரம் வேர் பிடிக்கும்வரை தண்ணீர் கட்டி வைக்க வேண்டும், அப்போதுதான் களையும் அடங்கும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை 5 செ.மீ. தண்ணீர் குறையக் கூடாது, குறைந்தால் பதராகும். அறுவடைக்கு முன் வடிக்க வேண்டும். இவற்றைக் கழித்தால் காய்ச்சல் விடுவதற்கு முன்பக்கம் ஏறக்குறைய ஐந்து வாரமும், பூத்த பிறகு ஒரு வாரம் பத்து நாளும்தான் கிடைக்கும். மண்ணைப் பொறுத்து ஐந்தாறு சுற்று வரலாம். கற்றுக்கொள்ள ஒரு பருவம் முழுவதும் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், இருப்பது ஐந்தாறு வாய்ப்பு. குழாய் ஒரு வாரம் தாமதமானால் அதில் ஒன்று போயிற்று.

மேலுரம் போடும் நாளையும் இதோடு பொருத்த வேண்டும். தண்ணீர் வடிந்த ஈர மண்ணில் யூரியாவைத் தூவி, உடனே தண்ணீர் விட்டால் மண்ணுக்குள் இறங்கும். நிறைந்த தண்ணீரில் தூவிவிட்டுப் பிறகு காயவிட்டால் தழைச்சத்து காற்றோடு போகும், பயிர் வெளுக்கும், பழி காய்ச்சல் முறைமேல் விழும். மண் வெடிப்பு மயிரிழை அளவில் நிற்க வேண்டும். விரல் நுழையும் வெடிப்பு விட்டால் அடுத்துப் பாய்கிற தண்ணீர் நேராகக் கீழே இறங்கி, மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். களி மண் வயல்களில் 15 செ.மீ. வரை காத்திருக்காமல் 10 செ.மீ.லேயே தண்ணீர் விட வேண்டியிருக்கலாம். எந்த வயலுக்கு எது என்று கண்டுபிடித்து எழுதுவதும் வெள்ளோட்டத்தின் வேலை.

ஆனால் இவையெல்லாம் சரியாக நடந்தாலும் திட்டம் முறைப்பாசனத்தில் வந்து முட்டும். அறிக்கை இதைத் தொடவே இல்லை. குழாய் சொல்கிற நாளில் தண்ணீர் கிடைக்கும் என்று இந்த முறை எடுத்துக்கொள்கிறது. குளத்து மடையோ முறை வைத்துத்தான் தண்ணீர் தருகிறது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. தண்ணீர் என்றால் இரண்டு லட்சம் லிட்டர். 40 ஏக்கருக்கு 80 லட்சம் லிட்டர். மடை வாய்க்காலில் நொடிக்கு 25 லிட்டர் ஓடினால், இரவு பகலாக விட்டாலும் 90 மணி நேரம், அதாவது நான்கு நாளுக்குக் கொஞ்சம் குறைவு. வாய்க்கால் கசிவும், காய்ந்த மண் குடிப்பதும் தனி. எல்லா வயலும் ஒரே நாளில் 15 செ.மீ.க்கு வந்தால், முதல் வயலுக்கு இன்று தண்ணீர், கடைசி வயலுக்கு ஐந்தாம் நாள். அந்த ஐந்து நாளில் கடைமடை நெல் என்ன ஆகும் என்பதை எந்தக் கையேடும் உங்களுக்குச் சொல்லாது.

இதற்கு இரண்டு வழி உண்டு. கடைமடை வயல்கள் 10 செ.மீ.லேயே முறை கேட்கலாம் என்று விதி வைப்பது ஒன்று. ஒவ்வொரு சுற்றையும் கடைமடையிலிருந்து தொடங்கி மேலே வருவது மற்றொன்று. இரண்டாவது வழி நியாயமானது, கண்காணிக்கவும் எளிது. ஆனால் தலைமடைக்காரர் தன் வயலைக் கடந்து தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். முதல் மூன்று சுற்றில் ஒன்றையும் அடுத்த மூன்றில் மற்றொன்றையும் நடத்திப் பாருங்கள். மடை பார்க்கிறவரை முதல் கூட்டத்திலேயே உட்காரவைத்து, அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். திட்டத்தில் அவருக்குச் சம்பளமும் இல்லை, பெயரும் இல்லை. ஆனால் தண்ணீர் அவர் கையில்தான் இருக்கிறது.

இன்னொரு முட்டு நடவுத் தேதி. ஒரே மடையில் ஒருவர் ஜூன் கடைசியிலும் இன்னொருவர் ஜூலை மூன்றாம் வாரத்திலும் நட்டால், எந்த நாளில் பார்த்தாலும் யாராவது ஒருவர் வயல் பூத்துக்கொண்டிருக்கும், வாய்க்காலை அடைக்கவே முடியாது. நடவு பத்து நாளுக்குள் முடிய வேண்டும். நடவு ஆட்களும் இயந்திரமும் கிடைக்கும் நிலவரத்தில் அது நடக்கிறதா என்று பாருங்கள். 40 ஏக்கரில் முடியாதது 600ல் முடியாது.

யாருக்கு லாபம் என்ற கேள்வியைப் பலரும் கூச்சப்பட்டு ஒதுக்கிவிடுகிறார்கள். கால்வாய்த் தண்ணீரை அளந்து யாரும் பணம் வாங்குவதில்லை. கிணறு வைத்திருப்பவருக்கும் விவசாய மின்சாரம் இலவசம். ஆக, தண்ணீரை மிச்சம் பிடிக்கிற தலைமடைக்காரருக்குக் கையில் காசு எதுவும் மிஞ்சாது. குழாயைப் பார்ப்பதும், கூடுதல் களை எடுப்பதும் அவர் பாடு, மிச்சத் தண்ணீர் போவது கடைமடைக்கு. ஊர் நன்மைக்காக ஒரு பருவம் செய்வார், மூன்றாவது பருவம் செய்ய மாட்டார். அதை அவர் குற்றமாக நான் பார்க்கவில்லை. களைக்கருவியை நிறுவனம் இலவசமாகச் சுற்றுக்கு விடுவதா, தலைமடைக்காரரின் நெல்லை முதலில் கொள்முதல் செய்வதா, மடைச் செலவில் கழிவா, எது அவரைப் பிடித்து நிறுத்தும் என்று வெள்ளோட்டத்திலேயே கேட்டுப் பார்க்க வேண்டும். முழுத் திட்டத்தில் கொடுக்க முடியாத எதையும் இங்கே கொடுக்காதீர்கள். ஏக்கருக்கு ஊக்கத்தொகை கொடுத்து நடத்தினால், தெரிவது ஊக்கத்தொகையின் பலம் மட்டும்தான்.

அதே விதி ஆட்களுக்கும். 600 ஏக்கருக்கு இரண்டு களப்பணியாளர் என்றால் தலைக்கு 300 ஏக்கர். ஆறு நாள் வேலை வாரத்தில் 40 ஏக்கருக்கு வரும் பங்கு ஒரு நாள்கூட இல்லை. ஆகவே மூன்றாம் மடைக்குப் பணியாளர் வாரம் ஒரு நாள்தான் போக வேண்டும். ஆர்வத்தில் தினமும் போவார், நீங்கள்தான் தடுக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் கற்றுக்கொடுக்கக் கூடுதல் நாள் தேவை என்று தெரிந்தால், அதையும் பதிந்துவையுங்கள். அப்படியானால் முழுத் திட்டத்துக்கு முதல் மாதம் மட்டும் தற்காலிகமாக ஆட்கள் வேண்டும் என்று அர்த்தம். கூட்டத்துக்கு வருபவர் நிலக்காரராகவும், விடிகாலையில் மண்வெட்டியோடு மடை கட்டுபவர் குத்தகைக்காரராகவும் இருப்பார்கள். பயிற்சியை மண்வெட்டி பிடிக்கிறவருக்குக் கொடுங்கள்.

அளப்பது பற்றி. ஒப்பிட இன்னொரு மடை வேண்டும். மண்ணும் பரப்பும் நடவுத் தேதியும் ஏறக்குறைய ஒன்றாக உள்ள, மூன்றாம் மடையின் கசிவு போய்ச் சேராத ஒரு மடை. போன வருஷக் கணக்கோடு மட்டும் ஒப்பிட்டால், மழையும் பாபநாசம் அணையின் இருப்பும் செய்த வித்தியாசத்தை உங்கள் கணக்கில் வரவு வைத்துவிடுவீர்கள்.

தண்ணீரை அளக்க வாய்க்கால் தலைப்பில் 90 பாகை வி வடிவ வெட்டுப் பலகை வைப்பது வழக்கம். மலிவானது, நல்லதும்கூட. ஆனால் அளவு தவறினால் ஏமாற்றிவிடும். வெட்டுக்கு மேல் தண்ணீர் 20 செ.மீ. நின்றால் நொடிக்கு 24.7 லிட்டர். 21 செ.மீ. என்றால் 27.9 லிட்டர். ஒரே ஒரு செ.மீ. தவறாகப் படித்தால் 13 சதவீத வித்தியாசம். நீங்கள் தேடுகிற மிச்சமே அந்த அளவுதான். அளவுகோலைப் பலகையிலேயே ஒட்டாமல், நீர் வளையத் தொடங்கும் இடத்துக்கு மேலே, ஒரு மீட்டர் தள்ளி நட்டு, மில்லிமீட்டரில் படிக்கப் பழக்குங்கள். அது முடியாவிட்டால் எளிமையாகப் போய்விடலாம்: இரண்டு மடையிலும் திறந்த மணி நேரம், பாய்ச்சிய தடவை, இவ்விரண்டையும் ஒழுங்காக எழுதினாலே முடிவெடுக்கப் போதும்.

விளைச்சலுக்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை. 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் போட்டு அறுத்து, தூற்றி, எடை பார்த்து, ஈரப்பதத்தை 14 சதவீதத்துக்கு மாற்றிக் கணக்கிட வேண்டும். ஏக்கருக்கு மாற்ற 162ஆல் பெருக்குகிறோம். கட்டத்தில் 100 கிராம் தவறினால் ஏக்கருக்கு 16 கிலோ தவறும். கட்டம் எங்கே போடுவது என்பதை நல்ல கதிரைப் பார்த்து முடிவு செய்யாமல், திருவுளச்சீட்டுப் போட்டு எடுங்கள். ஒரு மடைக்குத் தலையில் நான்கு, நடுவில் நான்கு, கடையில் நான்கு என்று பன்னிரண்டாவது வேண்டும். மூன்று கட்டம் அறுத்துவிட்டு இரண்டு சதவீத வித்தியாசத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

நோட்டுப் புத்தகம் வயலுக்கு ஒன்று. தேதி, குச்சி அளவு, தண்ணீர் விட்டதா, களை எடுத்ததா, எலி வளை தெரிந்ததா, ஐந்தே கட்டம். அதற்குமேல் போட்டால் எழுத மாட்டார்கள். வாரம் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எல்லா அளவும் 10, 15, 20 என்று வட்டமாக இருந்தால், ஒரே மையில், ஒரே சாய்வில் பதினைந்து நாளும் எழுதப்பட்டிருந்தால், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதியது. அதற்காக யாரையும் கண்டிக்க வேண்டாம். எழுதுவது சுமையாக இருக்கிறது என்ற செய்தி அதில் இருக்கிறது. ஒன்று விட்டு ஒரு நாள் என்பதை வாரம் இருமுறை ஆக்குங்கள்.

இவ்வளவையும் தொடங்குவதற்கு முன், நடவுக்கு முன்பே, ஒரு தாளில் முடிவு விதிகளை எழுதி நிர்வாகக் குழு கையெழுத்துப் போட வேண்டும். இதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். உங்கள் நிலைமைக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ஒப்பீட்டு மடையைவிட விளைச்சல் 5 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. மடை திறந்த மணி நேரம் குறைந்தது 15 சதவீதம் குறைய வேண்டும். அறிக்கை சொல்லும் 30 சதவீதம் நன்றாகக் கண்காணித்த வயல்களில் வரக்கூடியது, ஊர் வயக்காட்டில் அதைப் பாதியாக எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கடைமடையில் எந்த வயலும் 15 செ.மீ.யைத் தாண்டி இரண்டு நாளுக்கு மேல் காயக் கூடாது. நட்ட ஏழாவது வாரத்தில், பணியாளர் போகாத ஒரு நாளில் சென்று பார்த்தால், 52 பேரில் 35 பேராவது குழாயைப் பார்த்துத்தான் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். நான்கும் நிறைவேறினால் விரிவு. தண்ணீர் மிச்சமாகி, கடைமடை மட்டும் காய்ந்திருந்தால் முறையை மாற்றி இன்னொரு கார். ஏழாவது வாரத்தில் பாதிப் பேர்கூட மிஞ்சவில்லை என்றால் நிறுத்துங்கள். நிறுத்துவதும் ஒரு முடிவுதான் என்று அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள், அப்போதுதான் பணியாளர்கள் கெட்ட செய்தியை மறைக்காமல் கொண்டுவருவார்கள். அளவுகோலை அறுவடைக்குப் பிறகு எழுதினால், எந்த விளைச்சலும் வெற்றியாகத்தான் தெரியும்.

பருவம் பற்றி ஒரு எச்சரிக்கை. கார் முடிந்த சூட்டோடு, அடுத்து வரும் மழைக்காலச் சாகுபடியான பிசானத்தில் விரிவாக்கிவிடலாம் என்ற பேச்சு கட்டாயம் எழும். வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் வயல் காயவே காயாது, குழாய் எப்போதும் நிறைந்தே நிற்கும். 780 பேர் முதல்முறையாக ஒரு குழாயைப் பார்த்து, அதில் ஒன்றும் நடக்காததைக் கண்டு, அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்தது நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அப்படி ஒரு பிசானத்தில் எடுத்த அளவு எதற்கும் உதவாது. கார் வெள்ளோட்டம், அடுத்த கார் விரிவு. நடுவில் கிடைக்கும் ஏழெட்டு மாதம் மடைப் பலகை சரிசெய்யவும், வயலுக்கு வயல் பாயும் இடங்களில் சிறு வாய்க்கால் வெட்டவும், குழாய்க்கும் கூலிக்கும் பணம் தேடவும் சரியாக இருக்கும். கார் சாகுபடிக்கு அணை திறக்காத வருஷமாகப் போய்விட்டால் வெள்ளோட்டத்தைத் தள்ளிவையுங்கள், கிணற்றுப் பாசன வயலில் நடத்திவிட்டு மடைக்கு முடிவு சொல்லாதீர்கள்.

விரிவும் ஒரே தாவலாக வேண்டாம். 40லிருந்து 600 என்பது பதினைந்து மடங்கு. அடுத்த காரில் இரண்டு பெரிய மடை, அதற்கடுத்த காரில் மிச்சம். அப்போதுதான் மூன்றாம் மடைக்காரர்களில் நாலைந்து பேரை மற்ற மடைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்ப முடியும். அவர்களுக்கு நாள் கூலி கொடுங்கள்.

கால வரிசை இதுதான். மார்ச்சில் மூன்றாம் மடையின் வயல் வரிசை, யார் உழுகிறார், மண் என்ன என்று ஒரு வரைபடம். ஏப்ரலில் குழாய் அறுத்துத் துளைத்து அடுக்கிவைப்பது. மே மாதம் மடையையும் வாய்க்காலையும் சரிசெய்வது, விதித் தாளில் கையெழுத்து. ஜூனில் நாற்றங்கால். நட்ட பத்தாம் நாள் குழாய் ஊன்றல். ஏழாவது வாரம் சொல்லாமல் போய்ப் பார்ப்பது. அறுவடை முடிந்து பதினைந்து நாளுக்குள் 52 பேரையும் கூட்டி, கணக்கை அப்படியே படித்துக் காட்டுவது, அதில் கடைமடைக்காரர் பேசி முடித்த பிறகே நிர்வாகக் குழு பேசுவது.

அறுவடை இயந்திரம் வயலில் இறங்குவதற்கு முந்தின வாரம் குழாய்கள் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். ஒன்று மறந்துபோனாலும் நொறுங்கும், கத்தியும் சேதமாகும். பிடுங்கியதைக் கழுவி, ஒவ்வொன்றிலும் வயல் எண்ணை எழுதி, எண்ணிப் பாருங்கள். அறுபதில் எத்தனை முழுசாகத் திரும்பி வந்தது, எத்தனை வெடித்தது, எத்தனை காணாமல் போனது என்ற அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் அடுத்த வருஷத்துக்கு எத்தனை உதிரி வாங்குவது என்று எழுத வேண்டும்.